வாசகர் கேள்வி – பதில்: பாய் மாறினால் செட்டையும் மாற வேண்டும்

கேள்வி: உறவினர் விட்டுச் சென்ற 120 லீற்றர், 70 சென்ரிமீற்றர் அகல விண்ட்சேர்பிங் பலகையில் மட்டக்களப்பு வாவியில் ஓடுகிறேன். அதன் அடியில் பூட்டுவதற்கு 46 சென்ரிமீற்றர் செட்டை ஒன்றுதான் இருக்கிறது. 7.0 சதுர மீற்றர் பாயுடன் சமாளிக்க முடிகிறது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலக்கும்போது 5.5 பாயைப் போட்டால் பலகை ஒரு பக்கம் தூக்கிக் கவிழப் பார்க்கிறது. செட்டையை வெட்டிக் குறைக்கலாமா? – வாசகர், கல்லடி.

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். நுனியின் மெலிவும் நெகிழ்வும் போய்விட்டால் அந்தச் செட்டை எந்தப் பாய்க்கும் உதவாது. அதில் பழுதொன்றும் இல்லை. உங்கள் பாய்களுக்கு அது பெரிது.

பாயில் பிடிக்கும் காற்று பலகையை முன்னே இழுப்பதுடன் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு நீருக்குள் எதிர்த்து நிற்பதே செட்டையின் வேலை. வேகம் இரு மடங்கானால் செட்டை தரக்கூடிய விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், பலத்த காற்றில் சிறிய பாயுடன் விரையும் பலகைக்குச் சிறிய செட்டையே போதும். 46 என்பது 8 சதுர மீற்றருக்கு மேற்பட்ட பாயையும் அகன்ற பின்பகுதியையும் எண்ணிச் செய்யும் அளவு. உங்கள் பலகையின் பின்பகுதி அவ்வளவு அகலமாக இராது. ஆகவே காற்று வரும் பக்கத்து விளிம்பு எழும்பும்போது அதைக் காலால் அமர்த்தப் போதிய நெம்பு உங்களுக்குக் கிடைப்பதில்லை. நிலத்தைக் கடந்து வரும் கச்சான் விட்டு விட்டு வீசுவதால் இத்தொல்லை இன்னும் கூடும்.

இவ்வகைப் பலகைக்குப் பாயின் சதுர மீற்றரை 5 ஆல் பெருக்கி, 3 முதல் 5 வரை கூட்டிக்கொள்வது நல்ல தொடக்கம். அதன்படி 5.5 பாய்க்கு 31 முதல் 33, 7.0 பாய்க்கு 38 முதல் 40 சென்ரிமீற்றர் வரும். உடல் எடை கூடியவர்கள் இரண்டு சென்ரிமீற்றர் கூட்டலாம். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 36ஐச் சொல்வேன். செட்டையைப் பலகையில் பூட்டும் அடிக்கட்டை டட்டில், பவர் பொக்ஸ், யூஎஸ் பொக்ஸ் எனப் பலவகைப்படும். பழைய செட்டையைக் கழற்றி ஒப்பிட்ட பின்னரே பணம் கொடுங்கள்.

அளவுக்கு மிஞ்சிச் சிறுத்தாலும் தொல்லைதான்: காற்றுக்கு எதிராக ஏற முடியாது, பின்காலை அழுத்தியதும் செட்டை நீரின் பிடியை இழந்து பலகையின் வால் பக்கமாக வழுக்கும். அப்படி வழுக்கினால் பின்கால் அழுத்தத்தைத் தளர்த்தி, வாலை உங்களுக்குக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாவியில் கச்சான் உங்களைக் கல்லடிக் கரைக்கே ஒதுக்கும். கடலிலோ அதே காற்று கரையை விட்டு வெளியே கொண்டுபோகும். புதிய செட்டையை வாவியிலேயே பழகுங்கள்.

கேள்வி: செட்டையில் சாதாளை (நீர்த்தாவரம்) சிக்கிப் பலகை நின்றுவிடுகிறது. பின்னோக்கிச் சாய்ந்த செட்டை வாங்கினால் அளவை எப்படிக் கணிப்பது? – வாசகி, களுவாஞ்சிகுடி.

பதில்: சாய்ந்த செட்டைக்கு மேற்சொன்ன கணக்கு பொருந்தாது, ஆழத்தை விட்டுப் பரப்பைப் பாருங்கள். அடிப்பகுதி அகன்றிருப்பதால், நேரான செட்டையை விடப் பல சென்ரிமீற்றர் குட்டையானதே அதே பாயைத் தாங்கும். ஆழம் குறைந்த இடங்களில் தரைதட்டி நீங்கள் முன்னே வீசப்படும் ஆபத்தும் குறையும். சாய்வு 45 பாகையளவு இருந்தால் சாதாளை தானாக வழுக்கிப் போகும். முன்விளிம்பில் சிறு வடு இருந்தாலும் அதில் தொங்கிக்கொள்ளும் என்பதால், விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, கரடான இடத்தை நனைத்த மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்துவிடுங்கள்.