தகடு, கரண்ட், கழிவுநீர்: கேள்வி பதில்

கோத்தகிரி: முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கிறேன். கழிவுநீரில் நிக்கல், குரோமியம் இரண்டும் உண்டு. கரண்ட் விட்டால் போதுமா?

இரண்டையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள். நிக்கல் கழுவுநீரைத் தனியாகப் பிடித்துக் கரண்ட் விட்டால் கேத்தோடில், அதாவது எதிர்மின் தகட்டில், உலோகமாகவே படியும். நிக்கல் குறையக் குறைய, கரண்ட் ஹைட்ரஜன் குமிழி விடுவதிலேயே போய்விடும்.

ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மஞ்சள் நிற நச்சு வகைக்கு, ஆனோடாக (நேர்மின் தகடாக) இரும்புத் தகடுதான். ஒரு ஆம்பியர்-மணிக்கு சுமார் 1 கிராம் இரும்பு கரையும். ஒரு கிராம் குரோமியத்தை நச்சு குறைந்த மூன்று இணைதிறனுக்கு இறக்க 3.2 கிராம் இரும்பு வேண்டும். புளிப்பு-கார அளவான பி.எச்.ஸை 8 பக்கம், லேசான காரமாக, வைத்தால் மஞ்சள் தண்ணீர் கலங்கி, துருநிறக் கசடாக இறங்கும். வெளியே விட ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் வரம்பு. சயனைடு கழிவு இருந்தால் ஆசிட் பக்கமே கொண்டுபோகாதீர்கள், விஷவாயு.

குன்னூர்: இரும்பு துருப்பிடிக்கிறதே, எவர்சில்வர் தகடு போடலாமா?

ஆனோடாகக் கூடாது. எவர்சில்வரிலேயே குரோமியம் இருக்கிறது. அதுவும் கரைந்து தண்ணீரில் சேரும். இரும்பு கரையத்தான் வேண்டும், அதுதான் வேலை.

ஊட்டி: பழைய ஸ்டுடியோவில் ஃபிக்சர் (ஃபிலிம் கழுவும் ரசாயனம்) கேன்கள் கிடக்கின்றன. வெள்ளி எடுக்க முடியுமா?

முடியும். ஒரு ஆம்பியர்-மணிக்கு அதிகபட்சம் 4 கிராம். கரண்டைக் குறைவாக வைத்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். பேராசைப்பட்டு ஏற்றினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்புச் சல்ஃபைடு வரும். கேத்தோடு எவர்சில்வராக இருக்கலாம், ஆனோடு கிராஃபைட்.

மஞ்சூர்: எவர்சில்வர் ஆனோடு...

மேலே பார்க்கவும்.

குன்னூர் (மறுபடி): கசடைத் தேயிலைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தால் என்னங்க?

என்ன கேள்வி இது! கசடில் உலோகம் ஹைட்ராக்சைடாக இருக்கிறது, அது காரத்தில்தான் கரையாமல் அடங்கிக் கிடக்கும். தேயிலை மண் பி.எச். 4.5, 5 என்று புளிப்பு. நிக்கலும் துத்தநாகமும் மெல்லக் கரையும், மழை இறக்கிவிடும், குன்னூர் ஆறு பவானிக்குத்தான் போகிறது.

அதே அன்பர்: எல்லா எஸ்டேட்டிலும் ஏதாவது புதைக்கத்தானே செய்கிறார்கள்?

புதைக்கட்டும், உங்களுடையது அபாயக் கழிவு. மின்சாரம் உலோகத்தை மாயமாக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். பிழிந்து உலர்த்தி, மூட்டை கட்டி, அனுமதி பெற்ற கிடங்குக்கு அனுப்புங்கள். லாரி வாடகை கையைக் கடிக்கும், தெரியும்.

கொடைக்கானல்: 2001-இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தை இப்படி எடுக்கலாமா?

அது மண்ணிலும் சேற்றிலும் ஒட்டியிருக்கிறது. அங்கே தகடு இறக்கிப் பயனில்லை.

கூடலூர்: எவர்சில்வர்...

இரும்பு!