மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஃப்ரைபுர்க்கில் தத்துவம்?

பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில், ஆங்கிலத்திலேயே, கட்டணம் இல்லாமல் எம்.ஏ. தத்துவம் படிக்க வழி கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் சேர்ந்து அமையாது. ஹுசர்ல், ஹைடெக்கர் என்ற பெரிய தத்துவவாதிகள் பாடம் நடத்திய ஊர்தான், ஆனால் அது இருக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் ஒரு பருவத்துக்கு 1500 யூரோ கட்ட வேண்டும். பாடமும் பெரும்பாலும் ஜெர்மனில். அரைகுறை ஜெர்மனோடு ஹைடெக்கர் வகுப்பில் போய் உட்கார்ந்தால் தலை சுற்றும்.

உங்கள் நிலையில் நான் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். 1889இல் தொடங்கிய தத்துவ நிறுவனம் அங்கே இருக்கிறது, ஆங்கிலத்திலேயே படிக்கலாம், வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்கென்றே சுருக்கப்பட்ட இளங்கலை ஒன்றும் உண்டு. அதை முடித்து முதுகலைக்குப் போகலாம். கட்டணம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்று, ஹுசர்லின் கையெழுத்துப் பிரதிகள், கிட்டத்தட்ட 40,000 பக்கம், 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்து சேர்ந்தது ஃப்ரைபுர்க்கிலிருந்து இந்த லூவனுக்குத்தான்!

கணிதம் கைவசம் இருந்தால் மியூனிக்கின் எல்.எம்.யூ. பல்கலைக்கழகத்தில் தர்க்கமும் அறிவியல் தத்துவமும் சேர்ந்த முதுகலை ஆங்கிலத்தில் இருக்கிறது. ஜெர்மனி என்று முடிவானால் நம் பட்டமும் மதிப்பெண்களும் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். விசாவுக்கு முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், 11,904 யூரோ காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை. அப்புறம், நோக்கக் கடிதத்தில் 'சிறுவயது முதலே ஆர்வம்' என்றெல்லாம் எழுதாதீர்கள், உங்களைக் குடைகிற ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்.