ஊரில் பச்சைக் குழந்தைக்கு ஆபரேஷன் என்றால் ஏன் இத்தனை அலைச்சல்?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: தங்கைக்கு ராமேஸ்வரம் பக்கம் பிரசவம். குழந்தை உணவுக்குழாய் சேராமல் பிறந்திருக்கிறது. மூன்று ஆஸ்பத்திரி மாறி, பிறந்து 11 மணி நேரம் கழித்துத்தான் மதுரை போய்ச் சேர்ந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது தேறி வருகிறது. சிங்கப்பூரில் இப்படி நடக்காதே, அங்கே மட்டும் ஏன்? இங்கே இருந்துகொண்டு நாம் என்ன செய்யலாம்?

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் மெதுவாகப் போனாலும் மூன்றரை மணி நேரம். அப்படியானால் மீதி ஏழரை மணி நேரம் வண்டி ஓடவே இல்லை. உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அந்த ஏழரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

சிங்கப்பூரோடு ஒப்பிடுவது சரிப்படாது. பெண்கள், குழந்தைகளுக்கான கேகே மருத்துவமனை தேக்காவிலிருந்து நடந்தே போகிற தூரம். மேற்குக் கோடியில் இருக்கிற துவாஸ் மூலையிலிருந்து கிளம்பினாலும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ராமநாதபுரம் மாவட்டம் ஒன்றே சிங்கப்பூரைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பெரியது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நாலு தெரு தள்ளிப் பிறக்கிற குழந்தைக்கும் ராமேஸ்வரம் தீவில் பிறக்கிற குழந்தைக்கும் ஒரே அரசு, ஒரே காப்பீட்டுத் திட்டம், ஒரே 108 ஆம்புலன்ஸ். ஆனால் ஒரே வாய்ப்பு இல்லை. பீகார், ஜார்க்கண்ட் உள்மாவட்டங்களை நினைத்தால் தமிழ்நாடு எவ்வளவோ தேவலை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நேரம் எங்கே போகிறது? பிறந்த இடத்தில் குழந்தை வாயில் நுரை நுரையாக எச்சில் வரும். "பனிக்குடத் தண்ணி குடிச்சிருக்கும்" என்று உறிஞ்சி எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மறுபடி நுரைக்கும். பால் கொடுத்துப் பார்ப்பார்கள், நீலம் பாய்ந்து இருமும். அப்போதுதான் "மேல்சிகிச்சைக்கு" என்று எழுதுவார்கள். அடுத்த இடத்தில் எக்ஸ்ரே எடுக்கிறவர் வரவேண்டும், மேலே இடம் இருக்கிறதா என்று போன் போட வேண்டும், வண்டி வேறு கேஸுக்குப் போயிருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு மணி, இரண்டரை மணி. தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதைவிட நிறுத்தங்களில் அளப்பதே சரி.

இத்தனைக்கும் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். 10 எண் குழாய் ஒன்றை வாய்வழியாக மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். சுமார் 10 செ.மீ. போனதும் முட்டி நின்றால் உணவுக்குழாய் மூடியிருக்கிறது என்று அர்த்தம். தவறு நடப்பது எங்கே என்றால், கைக்குக் கிடைத்த மெல்லிய 6 எண் குழாயை விடுவார்கள். அது மேல்பையிலேயே, அதாவது உணவுக்குழாயின் மூடிப்போன மேல்பகுதியிலேயே, சுருண்டுகொள்ளும். குழாய் சரசரவென்று போனதால் "வயிற்றுக்குள் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அதில் அரை நாள் போகும்.

வீட்டுப் பக்கம் ஒரு தவறும் உண்டு: சேனை. பெரியவர் விரலில் தொட்டு வைக்கிற சர்க்கரைத் தண்ணீரோ தேனோ இந்தக் குழந்தைக்கு நேராக நுரையீரலுக்குப் போகும். வாயில் நுரை தள்ளும் குழந்தைக்கும், பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தைக்கும் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. பச்சை வாந்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பித்தம், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். குடலுக்கு ரத்தம் நின்றுவிட்டால் சில மணி நேரம்தான் கெடு. காலையில் பார்க்கலாம் என்று விடவே கூடாத அறிகுறி.

வேறுபாடு எவ்வளவு என்பதற்கு 2021-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வைச் சொல்லலாம். 74 நாடுகள், 264 மருத்துவமனைகள். தொப்புள் அருகே வயிற்றுச் சுவர் திறந்து குடல் வெளியே வந்து பிறக்கும் குழந்தைகளில், ஏழை நாடுகளில் 90 சதவீதம் இறந்தன. நடுத்தர வருமான நாடுகளில் 32 சதவீதம். பணக்கார நாடுகளில் 1.4 சதவீதம். ஆஸ்பத்திரி வாசலை எட்டிய குழந்தைகள் மட்டும்தான் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். வழியிலேயே போனவர்களை யாரும் எண்ணவில்லை.

"அப்படியானால் மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் அறுவை நிபுணரைப் போட வேண்டியதுதானே?" என்று அடுத்து கேட்பீர்கள். உணவுக்குழாய் சேராமல் பிறப்பது 3,000 முதல் 4,000 பிரசவத்துக்கு ஒன்று. ஆண்டுக்கு 20,000 பிரசவம் நடக்கிற மாவட்டத்தில் ஐந்தாறு குழந்தைகள்தான். இரண்டு மாதத்துக்கு ஒன்று செய்தால் நிபுணருக்குக் கைப்பழக்கம் நிற்காது, நர்சுகளுக்கும் நிற்காது. குழந்தையைக் காப்பாற்றுவது ஆபரேஷனுக்குப் பிந்தைய பத்து நாள் கவனிப்பு. அதனால் சிக்கலான பிறவிக் குறைகளை நாலைந்து பெரிய இடங்களில் குவிப்பது சரியான ஏற்பாடு என்றே சொல்வேன்.

குடலிறக்கம், அப்பெண்டிக்ஸ், ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு வயிற்றில் தற்காலிக மலவழி வைப்பது போன்றவற்றை மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலேயே செய்ய முடியும். பல இடங்களில் அதற்குத் தடையாக இருப்பது கத்தி பிடிக்கிற ஆள் இல்லாதது அல்ல. குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர் இருக்க மாட்டார், அல்லது சாமான் இருக்காது: 3, 3.5 அளவு சுவாசக் குழாய், சிறு கைக்கான பிரஷர் பட்டை, மஞ்சள் நிற 24 எண் ஊசி. இரண்டு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 160 மில்லி, ஒரு டீ டம்ளர் அளவு. அதில் மூன்று டீஸ்பூன் சிந்தினால் பத்தில் ஒரு பங்கு போனதாகக் கணக்கு. பெரியவர்களுக்கு மயக்கம் கொடுப்பவர் தயங்குவதில் தப்பில்லை.

நிபுணரைக் கொண்டுபோய் எல்லா ஊரிலும் வைக்க முடியாத நிலையில், சீக்கிரம் சீர்செய்யக்கூடியது பயணம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது குழந்தை சில்லிட்டு, சர்க்கரை இறங்கி, நுரையீரலில் சளியோடு இருந்தால் முதல் ஒரு நாள் அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும். வண்டியில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. உடம்புச் சூடு 36.5-லிருந்து 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும்: ஏசியை அணைத்து, தலைக்குத் தொப்பி போட்டு, முடிந்தால் யாராவது ஒருவர் மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். வெந்நீர் பாட்டில் பக்கத்தில் வைப்பது வேண்டாம், தோல் வெந்துவிடும். குடல் வெளியே இருந்தால் ஈரத்துணி சுற்றக் கூடாது, அது குளிர வைக்கும். சுத்தமான பிளாஸ்டிக் பையில் மார்பு வரை நுழைத்து, வலப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். உணவுக்குழாய்க் குறை என்றால் தலைப்பக்கம் உயர்த்தி, மேல்பையில் தேங்கும் எச்சிலை ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறிஞ்சிக்கொண்டே வர வேண்டும். ஓடுகிற வண்டியில் சரியாக உறிஞ்ச முடியவில்லை என்றால், நிற்காமல் ஓட்டுவதைவிட ஓரமாக நிறுத்தி உறிஞ்சுவது மேல்.

பிறகு டிரிப்ஸ். முதல் நாள் குழந்தைக்கு 10 சதவீத குளுக்கோஸ், கிலோவுக்கு 60 மில்லி. இரண்டரைக் கிலோ குழந்தைக்கு 24 மணி நேரத்துக்கு 150 மில்லி, அதாவது மணிக்கு ஆறு மில்லி சொச்சம். மில்லிக்கு 60 சொட்டு விழுகிற மைக்ரோ செட் இருந்தால் நிமிடத்துக்கு ஆறு சொட்டு, கண்ணால் எண்ணலாம். பெரியவர்கள் செட்டில் அதே அளவுக்கு நிமிடத்துக்கு இரண்டு சொட்டுதான் விழ வேண்டும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் கணக்கு போச்சு.

இங்கிருந்து செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். குழந்தையை சிங்கப்பூருக்குக் கொண்டுவர நிதி திரட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பிறந்த குழந்தைக்கு அது தேவையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. மதுரை, சென்னை, வேலூரில் இந்த ஆபரேஷன்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

பணத்தைவிட முன்னால் உதவுவது 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேன். குடல் வெளியே இருப்பது அதில் நன்றாகத் தெரியும். உணவுக்குழாய்க் குறை பல நேரம் தெரியாது, ஆனால் பனிக்குட நீர் அதிகமாக இருந்தாலோ குழந்தையின் வயிற்றுக் குமிழ் (ஸ்கேனில் தெரியும் இரைப்பை) சிறிதாக இருந்தாலோ சந்தேகப்பட இடம் உண்டு. சந்தேகம் வந்தால் பிரசவத்தையே குழந்தைகள் அறுவைப் பிரிவு உள்ள ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வயிற்றைவிட நல்ல ஆம்புலன்ஸ் கிடையாது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால், பேசி மாற்ற வேண்டிய வேலை உங்களுடையது.

கையெழுத்துப் பிரச்சினையும் உண்டு. அப்பா இங்கே டார்மிட்டரியில், அம்மா சிசேரியன் தையலோடு வேறு ஆஸ்பத்திரியில், குழந்தையோடு வண்டியில் வந்திருப்பது பாட்டி. அனுமதிக்கு ஆள் தேடுவதில் நேரம் போகும். பாட்டியிடம் ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டையைக் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவின் ரத்தம் ஐந்து மில்லி, எக்ஸ்ரே ஃபிலிம், பிறந்த நேரம், எடை, வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று எழுதிய தாள் ஆகியவையும் கூடவே போக வேண்டும். அப்பா ஷிஃப்டில் இருந்தாலும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு போனைக் கையிலேயே வைத்திருக்கட்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பணம் கேட்க மாட்டார்கள். குடும்பத்தை முடக்குவது அதற்குப் பிந்தைய பஸ் காசும், துணைக்குப் போகிறவரின் கூலி இழப்பும். தூர ஊர்க் குழந்தைகள் பின்தங்கிப் போவது இங்கேதான். உங்கள் தங்கை குழந்தைக்குத் தைத்த இடம் சுருங்கலாம். பால் குடிக்கும் வரை தெரியாமல் இருந்து, ஆறு மாதத்தில் இட்லி, மசித்த சோறு ஆரம்பிக்கும்போது சிக்கும். புரையேறும், எடை ஏறாது. அப்போது பக்கத்து ஆஸ்பத்திரியில் இருமல் மருந்து வாங்கிப் பார்க்க வேண்டாம், ஆபரேஷன் செய்த பிரிவுக்கே நேராகப் போகச் சொல்லுங்கள். சுருக்கத்தை விரித்துவிட ஒரே தடவை போதாமல் இரண்டு மூன்று தடவை ஆகலாம். அந்தப் பயணங்களுக்கான காசை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். டிஸ்சார்ஜ் தாளைப் படம் எடுத்து உங்கள் போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.