ஜரீனா பலூச்: பாட்டும் சிறையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிந்தி நாட்டார் பாடல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஜரீனா பலூச்சின் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்டேன். மொழி புரியாமலேயே அந்தக் குரல் இரண்டு நாட்களாகக் கூடவே வருகிறது. ஆனால் அவருடைய வாழ்க்கையைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. போராட்டம், சிறை என்று அலையாமல் பாட்டோடு நின்றிருந்தால் ஆபிதா பர்வீனைப் போல உலகம் அறிந்த பாடகியாகியிருப்பார் அல்லவா? அரசியல் அவரை விழுங்கிவிட்டது என்றே தோன்றுகிறது.

கே., சேலம்

அன்புள்ள கே.,

அந்தக் குரல் உங்களைப் பிடித்துக்கொண்டதில் மிகுந்த மகிழ்ச்சி. ‘விழுங்கிவிட்டது’ என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜரீனா 1934-இல், இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். பதினைந்து வயதில் திருமணம், இரண்டு குழந்தைகள், 1958-இல் மணமுறிவு. அதன் பிறகுதான் ஹைதராபாத் வானொலியில் பாட வந்தார். அந்த ஊரில், அந்தக் காலத்தில், கணவரைப் பிரிந்த ஒரு பெண் ஒலிவாங்கி முன் நின்று பாடியதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

அப்போது சிந்து என்ற மாகாணமே இல்லை. 1955-இல் மேற்குப் பாகிஸ்தான் முழுவதையும் ஒரே மாகாணமாக்கியிருந்தார்கள். 1970-இல்தான் அது கலைந்தது. சிந்தி மொழி ஓரங்கட்டப்பட்ட அந்த ஆண்டுகளில் மயில் ஆடுகிறது என்று ராணா என்பவனிடம் சொல்லும் எளிய நாட்டுப் பாடலைச் சிந்தியில் பாடினாலும், ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்வதாகத்தான் அது கேட்டிருக்கும்.

சிந்தி மொழியின் பெருங்கவிஞர் ஷா அப்துல் லத்தீப் பாடிய மாருயியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். குடியானவர் வீட்டுப் பெண்ணான அவளை அரசன் உமர் கடத்திவந்து உமர்கோட் கோட்டையில் அடைக்கிறான். பட்டும் நகையும் தருகிறான். ஊரிலிருந்து போர்த்திவந்த முரட்டுக் கம்பளியை அவள் கழற்றவே இல்லை. தலையைக்கூடக் கழுவ மறுக்கிறாள். சிந்தியில் பாட வருகிற பெண் மாருயியைத் தாண்டிப் போக முடியாது. அவளைப் பாடிய வாய் ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சியில் மட்டும் மூடிக்கொள்ள வேண்டும் என்று நாம் எப்படிக் கேட்பது? 1979-இல் ஆர்ப்பாட்டங்களுக்குத் தலைமை தாங்கியதற்காக ஜரீனாவைச் சக்கர் சிறையிலும் கராச்சி சிறையிலும் அடைத்தார்கள். மகள் அக்தர் அவருக்கு முன்பே, 1970-இல், பதினெட்டு வயதில் சிறை சென்றுவிட்டார். வாக்காளர் பட்டியலைச் சிந்தியில் அச்சிடக் கேட்டு உண்ணாவிரதம் இருந்தார் என்பது குற்றம்.

இவ்வளவுக்கும் நடுவே தொலைக்காட்சி நாடகங்களில் நடித்தார், கதைகள் எழுதினார், 1997 வரை பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தார். இரண்டாவது கணவர் ரசூல் பக்‌ஷ் பலீஜோ பெரிய அரசியல் தலைவர்தான். ஆனாலும் ஜரீனாவை அவருடைய நிழலாக யாரும் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் சிறையில் அடைத்த நாடே 1994-இல் உயரிய விருது ஒன்றையும் கொடுத்தது. 2005-இல் அவர் மறைந்தபோது சிந்து மக்கள் வழக்கம்போல ‘ஜீஜி’ என்றுதான் சொன்னார்கள். அம்மா என்று பொருள்.

ஆபிதா பர்வீன் மகத்தான பாடகி. நானும் அவரை வணங்குகிறேன். அவரைக் கொண்டு ஜரீனாவை அளக்க வேண்டாம்.

அக்தர் சிறையில் எழுதிய நாட்குறிப்பு ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. கிடைத்தால் படியுங்கள். பிறகு அந்த மயில் பாட்டை இன்னொரு முறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.