பழைய வண்டிக் குழுவில் இளையவர்கள் சேர என்ன வழி? நீலகிரியிலிருந்து கேள்வி பதில்

நீலகிரியில் பழைய கார், ஜீப், பைக் வைத்திருப்பவர்கள் கூடும்போது பாருங்கள், பாதிக்கு மேல் நரைத்த தலைகள்தான். இளையவர்களை எப்படிச் சேர்ப்பது என்று நண்பர்கள் கேட்டதற்கும், இளையவர்களே கேட்டதற்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். குன்னூரில் ஒரு ஃபியட்டோடும் ஒரு எஸ்டேட் ஜீப்போடும் நெடுநாளாகப் பழகி வருபவன் நான்.

இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பழைய வண்டி மேல் ஆசையே இல்லையே, என்ன செய்வது? (குழு உறுப்பினர், குன்னூர்)

ஆசை நிறைய இருக்கிறது அண்ணா. யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கின் தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் பிறந்த பையன்கள்தான் இன்றைக்கு அதைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். ஆனால் நம் கூட்டத்துக்கு வந்தால் 1950-களின் கார்களை வரிசையாக நிறுத்தி, "தொடாதே தம்பி" என்கிறோம். அவர்கள் வீட்டு முதல் கார் மாருதி 800. அப்பா ஓட்டியது அது, பள்ளிக்கூடம் போனது அதில். அதை நாம் பழைய வண்டியாகவே மதிப்பதில்லை.

பழம்பெரும் வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவே 30 வயது ஆன வண்டியை ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கணக்கில் 1990-களின் தொடக்கத்தில் வந்த மாருதி 800, ஜிப்ஸி, கான்டெஸா, டாடா சியரா எல்லாமே உள்ளே வரும். இங்கிலாந்தில் 2014 முதல் சாதாரணக் குடும்பக் கார்களுக்கென்றே ஒரு விழா நடக்கிறது. நம் மலைக்கு இன்னும் பொருத்தமானது தேயிலை மூட்டை சுமந்த எஸ்டேட் ஜீப். அதை முன்வரிசையில் நிறுத்துங்கள், தோட்டத்தில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் தானாக வருவார்கள்.

என்னிடம் காரும் இல்லை, காசும் இல்லை. சேர முடியுமா? (கல்லூரி மாணவர், கோத்தகிரி)

கட்டாயம் சேரலாம் தம்பி. வண்டி இருந்தால்தான் உறுப்பினர் என்று ஒரு குழு சொன்னால், அந்தக் குழுதான் மாற வேண்டும்.

நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு இளையவர்களைப் பொறுப்பாக்குங்கள். துடைக்கிற வேலையை மட்டும் கொடுத்தால் மறு வாரம் வர மாட்டார்கள், ஸ்பேனரைக் கொடுங்கள். உதாரணத்துக்கு அம்பாசடரில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், உள்ளே திறந்து மூடும் பாயிண்ட் இருக்கும். அதன் முகம் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் ஒரு இழுப்பு. என்ஜினைக் கையால் சுற்றி, பாயிண்ட் முழுசாகத் திறந்து நிற்கும்போது அந்த இடைவெளியில் அளவுத் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர், தகடு லேசாக உரசிக்கொண்டு போகணும். திருகை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும், மறுபடி பார்க்கணும். மூடியைப் போட்டுச் சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடிக்கிறதே, அந்த நேரத்தில் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் அவனை யாரும் கூப்பிடவே தேவையில்லை.

இன்னொன்று, நம் பழைய மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் வேலை செய்வதை உன் போனில் வீடியோ எடுத்து வை. எங்கள் வயதுக்காரர்களைவிட அதை நீ நன்றாகச் செய்வாய்.

கோயம்புத்தூரில் வாங்கிய பிரீமியர் பத்மினி கார், ஊட்டிக்கு வந்ததும் கரும்புகை விடுகிறது, பிளக் கறுத்துவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா? (வயது 24, ஊட்டி)

வண்டியைக் குறை சொல்லும் முன் உயரத்தைப் பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்பரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட அளவு பெட்ரோலையே இங்கேயும் விடும். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, கலவையில் பெட்ரோலைக் குறைத்து வையுங்கள். போதாவிட்டால், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு படி சின்னதாக மாற்றுங்கள். கீழே அடிக்கடி போவீர்கள் என்றால் பழைய ஜெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், சமவெளியில் சின்ன ஜெட்டோடு ஓட்டினால் என்ஜின் சூடாகும்.

தண்ணீரும் இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், அவற்றையும் மாற்றிவிடுங்கள். இப்படிப்பட்ட சந்தேகத்துக்கு அன்றைக்கே பதில் சொல்கிற குழுவை எந்த இளைஞனும் விட்டுப் போக மாட்டான்.

மகன் பழைய காரில் மலை இறங்கப் பயமாக இருக்கிறது. அனுப்பலாமா? (ஒரு தந்தை, கூடலூர்)

பயம் நியாயமானது. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, பிடிப்பே இல்லாமல் போய்விடும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், நியூட்ரல் கூடவே கூடாது. இதைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். முதலில் காலி மைதானத்தில் கை கியர் (ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் கியர்) பழகட்டும், அப்புறம் ஏற்றம், கடைசியாகத்தான் இறக்கம். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவு தொடக்கக்காரருக்கு வேண்டவே வேண்டாம். 18 வயது, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் மூன்றும் இருந்தால்தான் சாவி.

பதினைந்து வருடம் ஆன வண்டியை உடைத்துவிடுவார்களாமே? (கட்டபெட்டு)

அது டெல்லி சுற்றுவட்டாரத்து விவகாரம். இங்கே எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) பார்த்துப் பதிவைப் புதுப்பித்தால் சொந்த வண்டியை ஓட்டலாம். வண்டி பழசாகப் பழசாகக் கட்டணம் ஏறும். 2021-ல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிக்கு 'வி.ஏ.' வரிசை எண் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, ரேலி மாதிரிக் காரியங்களுக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. வாரம் தவறாமல் ஓட்ட நினைக்கும் இளையவர்களுக்குச் சாதாரணப் பதிவுதான் சரி என்பேன்.

எல்லாரும் ஆண்கள். நான் வந்தால் சங்கடமாக இருக்குமோ? (கொடைக்கானலிலிருந்து ஒரு பெண்)

வாம்மா. முதல் தடவை தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு வா. குழுவினருக்கு ஒரு வார்த்தை: கூட்டம் நடக்கும் இடத்தில் நல்ல கழிப்பறை இருக்கிறதா, இருட்டுவதற்குள் முடிகிறதா என்று பாருங்கள். வந்த பெண்ணை டீ ஊற்றவோ போட்டோ எடுக்கவோ அனுப்பாமல் பானட்டுக்குப் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

கோயம்புத்தூர் மாணவர்களை மேலே வரவழைத்து ரேலி நடத்த நினைக்கிறோம். யோசனை சொல்லுங்கள். (குழுச் செயலாளர், ஊட்டி)

ஏப்ரல், மே வேண்டாம். நெரிசலில் பழைய என்ஜின் கொதித்துவிடும். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) கட்டாயம், கோடையில் நாளுக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் உண்டு. முதல் நாள் நாமே கீழே இறங்கி, அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்தை அவர்களோடு சுற்றிப் பார்க்கலாம். மறுநாள் ஆளுக்கொரு இடமாக நம் வண்டிகளிலேயே ஏற்றிக்கொண்டு கோத்தகிரி வழியாக மேலே வரலாம். வழித்தடம் போடுவது, நேரம் குறிப்பது, வண்டிகளைச் சோதிப்பது எல்லாம் மாணவர்கள் பொறுப்பு. பரிசை விலை உயர்ந்த காருக்குக் கொடுக்காமல், தன் கையால் வேலை பார்த்து ஓட வைத்த வண்டிக்குக் கொடுங்கள். நாள் முடிவானதும் சொல்லுங்கள், என் ஜீப்பில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.