கப் இறங்குகிறது, சேர்க்ளிப் பூட்ட இடமில்லை

கேள்வி: எங்கள் வீட்டு மொரிஸ் மைனரில் கிளட்சை விடும்போதெல்லாம் அடியில் ‘டக்’ என்று ஒலி கேட்டதால், கியர்பொக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பலர் ஷாப்டைக் கழற்றி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய புதிய குறோஸை (ஷாப்டின் மூட்டிலுள்ள சிலுவை வடிவப் பாகம்) பூட்ட முனைந்தோம். குறோஸின் நான்கு முனைகளையும் மூடும் கப்களில் மூன்று ஒழுங்காக அமர்ந்தன. நான்காவதை எவ்வளவு அடித்தும், கப்பை வெளியே வராமல் பிடிக்கும் வளையமான சேர்க்ளிப்புக்குரிய தவாளிப்பு முழுதாகத் தெரியவில்லை. கிளிப்பை அரத்தால் தேய்த்து மெல்லியதாக்கிப் பூட்டலாம் என்கிறார் கராஜ்காரர். செய்யலாமா?
— வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: அரத்தை எடுக்க வேண்டாம். முதலில் அந்தக் கப்பை வெளியே எடுத்து உள்ளே பாருங்கள். கப்பின் உட்சுவரை ஒட்டி, கிறீஸின் பிடியில் நிமிர்ந்து நிற்க வேண்டிய ஊசி உருளைகளில் ஒன்று சுத்தியல் அடிபட்டுச் சரிந்து கப்பின் அடித்தளத்தில் படுத்துவிட்டால், குறோஸின் முனை அதன்மேல் முட்டி நின்றுவிடும். அதற்குமேல் அடித்தால் கப்தான் வெடிக்கும். ஏறத்தாழ ஓர் ஊசியின் தடிப்பளவுக்குக் கப் வெளியே நின்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. கெட்டியான கிறீஸைப் பூசி ஊசிகளை மறுபடி நிறுத்துங்கள். பின்னர் சுத்தியலை விட்டுவிட்டு, கப்பைவிடச் சற்றுச் சிறிய சொக்கெற் ஒன்றை வைத்து வைஸில் மெதுவாக நெருக்குங்கள். நெருக்கும்போதே குறோஸை ஆட்டிக்கொண்டிருந்தால், ஏதேனும் சிக்கத் தொடங்கும் கணத்திலேயே விரல்களுக்குத் தெரிந்துவிடும்.

ஊசிகளெல்லாம் நிமிர்ந்து நின்று, எதிர்ப்பக்கக் கப்பும் தன் கிளிப்பில் முட்டியிருந்து, அப்போதும் தவாளிப்பு சற்று மறைகிறதென்றால், நீங்கள் வாங்கியது அளவு தவறிய குறோஸ்தான். காரின் பெயரைச் சொல்லி உதிரிப்பாகம் கேட்கும் பழக்கத்தால் வரும் வினை இது. 1948இல் வெளிவந்த மைனர் நம் வீதிகளில் பல கைகள் மாறி ஓடியதில், சிலவற்றுக்கு ஜப்பானியக் கியர்பொக்ஸ் ஏறி, ஷாப்டும் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது; அத்தகைய ஷாப்டில் முன் குறோஸ் ஓர் அளவிலும் பின் குறோஸ் வேறோர் அளவிலும் இருக்கக்கூடும். ஆகவே, கடைக்குப் பழைய குறோஸைக் கையில் கொண்டுபோய், வேர்னியர் என்ற நுண் அளவுகோலால் கப்பின் வெளிவிட்டத்தையும், எதிரெதிர்க் கப்களின் முகத்திலிருந்து முகம் வரையான நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். பிரித்தானிய அளவான 15/16 அங்குலம் என்பது 23.81 மி.மீ. ஆகும். 24 மி.மீ. கப்பை ‘கிட்டத்தட்டச் சரிதானே’ என்று அடித்து ஏற்றினால், குறோஸைத் தாங்கும் கவை வடிவ யோக்கின் காது விரிந்துவிடும், பிறகு சரியான குறோஸ்கூட அதில் நிற்காது.

கிளிப்கள் நான்கும் அமர்ந்த பின் யோக்கின் காதுகளை மெல்லத் தட்டிவிடுங்கள். குறோஸ் இறுக்கமின்றியும் ஆட்டமின்றியும் திரும்ப வேண்டும். வெட்டி ஒட்டிய ஷாப்டாயின் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாய்வில் சுழலும் குறோஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூட்டிக் குறைப்பதால், ஷாப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் அமைந்தால்தான் முன்னதன் ஏற்ற இறக்கத்தைப் பின்னது ஈடுசெய்யும். ஒட்டியவர் இதைக் கவனியாது விட்டிருந்தால், எத்தனை புதிய குறோஸ் போட்டாலும் அதிர்வு போகாது.

கேள்வி: கிறீஸ் நிப்பிள் (கிறீஸ் ஏற்றும் சிறு முனை) உள்ள குறோஸ் நல்லதா, நிப்பிள் இல்லாத மூடிய வகை நல்லதா?
— வாசகர், நிலாவெளி

பதில்: கடற்கரை மணலிலும் உப்புக்காற்றிலும் ஓடும் வண்டிக்கு நிப்பிள் உள்ளதையே நான் தேர்வேன். நீர் புகுந்தாலும் புதிய கிறீஸ் அதை வெளியே தள்ளிவிடும். ஆனால் பூட்டும்போதே கிறீஸ் கன்னின் வாய் எட்டுகிற பக்கமாக நிப்பிளைத் திருப்பி வையுங்கள்; ஷாப்டை ஏற்றிய பிறகு இதை எண்ணிப் பார்த்து மறுபடி எல்லாவற்றையும் கழற்றியவன் நான். கிறீஸ் அடிக்கும்போது நான்கு கப்களின் ஓரத்திலிருந்தும் பழைய கிறீஸ் பிதுங்கி வரும்வரை அடியுங்கள்.