பூட்டிக்கொள்ளும் பதிவுகள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் நான்கு, வெவ்வேறு தொழில்களிலிருந்து ஒரே குறையைச் சுற்றி எழுதப்பட்டவை. பல கணினிகளில் ஒரே தரவுத்தளத்தைத் திறந்து வேலை பார்க்கும்போது ஒருவர் தொட்ட பதிவு (ஒரு வாடிக்கையாளருக்கோ சாமானுக்கோ உரிய ஒரு வரித் தகவல்) மற்றவருக்குத் திருத்த முடியாதபடி பூட்டிக்கொள்கிறது என்பதே அந்தக் குறை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் எழுதிய பில் புரோகிராம் நான்கு கணினிகளில் ஓடுகிறது. முகூர்த்த நாட்களில், பதிவு வேறொருவரால் பூட்டப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்து வேலை நின்றுவிடுகிறது. அந்த வாடிக்கையாளரின் கணக்கை அந்த நேரத்தில் யாருமே திறக்கவில்லை என்று பையன்கள் அடித்துச் சொல்கிறார்கள். புதிய சர்வர் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: பையன்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆக்ஸஸ் தன் கோப்பைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆக்ஸஸ் 97 வரை ஒரு பக்கத்தின் அளவு 2 கிலோபைட். ஆக்ஸஸ் 2000 முதல் 4 கிலோபைட். பக்கப் பூட்டு முறையில் ஒரு பதிவைத் திருத்தத் தொடங்கினால், அந்தப் பதிவு இருக்கும் பக்கம் முழுவதும் பூட்டப்படும். உங்கள் வாடிக்கையாளர் பதிவு ஒன்றுக்கு 200 பைட் ஆகிறதென்று வைத்துக்கொண்டால், ஒருவருடைய தொலைபேசி எண்ணைத் திருத்தும்போது அதே பக்கத்திலுள்ள ஏறக்குறைய 20 பேரின் கணக்கும் சேர்ந்து பூட்டிக்கொள்கிறது. பதிவு அளவிலான பூட்டு ஆக்ஸஸ் 2000இல்தான் வந்தது. அமைப்புகளில் அதற்கென ஒரு தேர்வு உண்டு. ஆனால் காலையில் கோப்பை முதலில் திறக்கும் கணினியில் எந்த அமைப்பு இருக்கிறதோ, அதுவே அன்று மற்றவர்களுக்கும் செல்லும். நான்கில் மூன்றில் மாற்றிவிட்டு ஒன்றை மறந்தால், அந்த ஒன்று முதலில் திறக்கப்படும் நாளில் பழைய தொல்லை திரும்ப வரும். ஆகவே நான்கிலும் பாருங்கள்.

புதிய சர்வருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பூட்டு எவ்வளவு நேரம் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை இயந்திரத்தின் வேகத்தைவிட மனிதரின் வேகமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் தேவகோட்டையில் ஒரு மளிகைக் கடைக்கு நான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் மதியம் ஒரு மணியளவில் எல்லா பில்லும் நின்றுவிட்டன. போய்ப் பார்த்தபோது, பின்கட்டுக் கணினியின் திரையில் ஒரு வாடிக்கையாளர் பதிவு திறந்தபடி இருந்தது. கைபேசி எண்ணில் ஆறு இலக்கங்கள் மட்டும் அடிக்கப்பட்டிருந்தன. பதிவின் இடது ஓரத்தில், திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டும் சிறிய பென்சில் குறி தெரிந்தது. அடித்தவர் சாப்பிடப் போயிருந்தார். முதல் எழுத்தை அடித்த கணத்திலிருந்து சேமிக்கும் வரை பூட்டைப் பிடித்துக்கொள்ளும்படி படிவத்தை அமைத்திருந்தவன் நான். சாப்பிடப் போனவர்மீது ஒரு குற்றமும் இல்லை. அன்றிலிருந்து, மனிதர் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தரவுத்தளப் பூட்டு எதுவும் பிடிபட்டிருக்கக் கூடாது என்பதை எல்லா வேலையிலும் முதல் விதியாக வைத்திருக்கிறேன்.

உங்கள் புரோகிராமை எழுதியவரிடம் இவற்றைக் கேளுங்கள். தரவு மட்டும் ஒரு கோப்பிலும், படிவங்களும் அறிக்கைகளும் வேறொரு கோப்பிலும் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது கோப்பின் நகல் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே கோப்பை நேரே திறப்பது பூட்டுக்கும் கோப்பு சிதைவதற்கும் வழி. கணினிகள் வயர் மூலம் இணைந்திருக்கட்டும், வைஃபையில் வேண்டாம். படிவத்தில் 'பூட்டு இல்லை' என்ற தேர்வை வைத்தால் தடங்கல் குறையும். ஆனால் இருவர் ஒரே பதிவைத் திருத்திவிட்டால், இரண்டாமவர் சேமிக்கும்போது ஒரு பெட்டி வந்து, உன் திருத்தத்தைச் சேமிக்கவா, கைவிடவா என்று கேட்கும். அவசரத்தில் எல்லோரும் 'சேமி' என்பதைத்தான் அழுத்துவார்கள். முதலாமவர் செய்த திருத்தம் ஓசையின்றி அழிந்துபோகும். அந்தப் பெட்டியை அப்படியே விடாமல், புரோகிராமிலேயே பதிவை மறுபடி படித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பில் எண். அடுத்த எண்ணை ஓர் அட்டவணையின் ஒரே பதிவில் வைத்துக்கொண்டு, பில் போடத் தொடங்கும்போதே அதைப் பிடித்துக்கொள்ளும் புரோகிராம்கள் மிகப் பல. முகூர்த்த நாளில் நான்கு கவுண்டரும் அந்த ஒரு பதிவின் முன் வரிசையில் நிற்கும். ஜிஎஸ்டி விதி 46, பில் எண் தொடர்ச்சியாகவும் நிதியாண்டுக்குள் திரும்ப வராததாகவும் 16 எழுத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒரே தொடராகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை அந்த விதியே அனுமதிக்கிறது. கவுண்டருக்கு ஒரு தொடர் வைத்துவிட்டால் நான்கு பேரும் ஒரு பதிவுக்காக அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பில்லைச் சேமிக்கும் கடைசிக் கணத்தில் எண்ணை எடுத்தால், நடுவில் கைவிட்ட பில்லால் எண் விட்டுப்போவதும் இராது.

கேள்வி: ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக் கல் போடும் பட்டறை நடத்துகிறோம். தொட்டியிலிருந்து எடுத்துக் காய வைத்த கற்களைப் பட்டறையிலிருந்து ஒருவர் வரவு வைக்கிறார். காரைக்குடிக் கடையிலும் இங்கேயும் மூன்று பேர் பில் போடுகிறார்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம். ஒரே பூ டிசைனுக்கு எல்லோரும் இருப்பைத் திருத்தும்போது சில பில்கள் காத்திருக்கின்றன. சில தாமாகவே ரத்தாகின்றன. சில பில்களில் ஒரு சாமான் மட்டும் விடுபடுகிறது. காரணம் என்ன?

பதில்: மூன்றும் மூன்று நோய்கள். ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்று: ஒரு டிசைனுக்கு ஒரே இருப்புப் பதிவு என்று வைத்து, எல்லோரையும் அங்கே வரவழைத்திருக்கிறீர்கள்.

நம் ஊர்க் கணக்கு முறையை நினைத்துப் பாருங்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், ஒவ்வொரு வரவையும் செலவையும் நேரே பேரேட்டில் எழுதவில்லை. அன்றன்றைய நடப்பு முதலில் சிட்டையில் ஏறும். பிறகு பேரேட்டில் அவரவர் பக்கத்துக்குப் பற்றும் வரவுமாகப் பெயரும். பின்னர் முடிவுக் கணக்கான ஐந்தொகை எடுப்பார்கள். சிட்டையில் எழுதுகிறவர் ஏற்கெனவே எழுதிய வரியைத் தொடுவதே இல்லை, அடுத்த வரியைச் சேர்க்கிறார். உங்கள் தரவுத்தளத்திலும் அப்படி ஒரு சிட்டை அட்டவணை வையுங்கள்: தேதி, டிசைன் எண், வரவா செலவா, எத்தனை கல், யார் எழுதியது. பட்டறையில் 60 கல் எடுத்தால் ஒரு புதிய பதிவு. கடையில் 40 கல் விற்றால் இன்னொரு புதிய பதிவு. புதிய பதிவு சேர்க்கிறவர்கள் ஒருவரையொருவர் பெரும்பாலும் தடுப்பதில்லை. இருப்பு வேண்டும்போது கூட்டிக்கொள்ளலாம். பதிவுகள் பெருகினால் இரவில் ஒரு முறை முடிவு இருப்பைக் கட்டி, மறுநாள் அதற்கு மேல் வந்தவற்றை மட்டும் கூட்டலாம். கல் எண்ணிக்கை ஏன் இடிக்கிறது என்று ஆறு மாதம் கழித்துத் தேடும்போதும் இந்தச் சிட்டைதான் கைகொடுக்கும். வெறும் இருப்பு எண்ணில் அந்த வரலாறு இராது.

இதில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கையில் 40 கல்தான் இருக்கிறது. இரண்டு கடையும் ஒரே நேரத்தில் கூட்டிப் பார்த்து, இருக்கிறது என்று நம்பி, ஆளுக்கு 40 விற்றுவிடலாம். ஆர்டரின் பேரில் போடும் கல்லுக்கு இதனால் கேடில்லை. இருப்புக் குறைவு நாளைய வேலைக்கான குறிப்பாகிவிடும். இருக்கும் கல்லை மட்டுமே விற்பதென்றால், இருப்புப் பதிவையும் வைத்துக்கொண்டு, '40ஐக் கழி, இருப்பு 40க்குக் குறையாமல் இருந்தால் மட்டும்' என்று ஒரே கட்டளையில் எழுதச் சொல்லுங்கள். முதலில் படித்து, திரையில் காட்டி, பிறகு கழித்து எழுதும் முறையில்தான் இடையில் இன்னொருவர் புகுந்துவிடுகிறார்.

இனி ரத்தாகும் பில். ஒரு பில்லில் முதலில் சிவப்புப் பூக் கல், பிறகு கரைக் கல். அதே கணத்தில் மற்றக் கடையில் முதலில் கரைக் கல், பிறகு சிவப்புப் பூக் கல். முதல் பில் பூவைப் பூட்டிக்கொண்டு கரைக்குக் காத்திருக்கிறது. இரண்டாவது கரையைப் பூட்டிக்கொண்டு பூவுக்குக் காத்திருக்கிறது. இதுதான் டெட்லாக். தரவுத்தளம் இதைக் கண்டுபிடித்து, இரண்டில் ஒன்றை 1213 என்ற பிழை எண்ணோடு முழுவதுமாக ரத்துசெய்துவிடும். வாடிக்கையாளர் எந்த வரிசையில் கேட்டாலும், சேமிக்கும்போது சாமான்களை டிசைன் எண் வரிசையில் அடுக்கிக்கொண்டு எழுதினால் இந்த முடிச்சு விழாது. அதையும் மீறி எப்போதாவது 1213 வந்தால் புரோகிராமே பில்லை மறுபடி முயல வேண்டும்.

விடுபடும் சாமான்தான் மிக ஆபத்தானது. மைஎஸ்க்யூஎல்லுக்குள் தரவைச் சேமித்துப் பூட்டுகளைக் கவனிக்கும் பகுதியான இன்னோடிபியில் ஒரு பூட்டுக்குக் காத்திருக்கும் நேரம், நீங்கள் மாற்றாதவரை, 50 விநாடி. அதற்குள் கிடைக்காவிட்டால் 1205 என்ற பிழை வரும். அப்போது, இயல்பான அமைப்பில், கடைசியாகக் கொடுத்த அந்த ஒரு கட்டளை மட்டுமே ரத்தாகும். அதற்கு முன் எழுதியவை அப்படியே நிற்கும். பிழையைக் கவனிக்காத புரோகிராம் மேலே போய்ச் சேமித்துவிட்டால், நான்கு சாமான் பில்லில் மூன்றுதான் ஏறியிருக்கும். எந்தப் பிழை வந்தாலும் பரிவர்த்தனை முழுவதையும் (அந்த ஒரு பில்லுக்காகக் கொடுத்த எல்லாக் கட்டளைகளையும் சேர்த்து) ரத்துசெய்து தொடக்கத்திலிருந்து செய்யும்படி இந்த வாரமே திருத்தச் சொல்லுங்கள். மற்றவை பிறகு ஆகட்டும்.

டிசைனைப் பெயரால் தேடித் திருத்துகிறீர்களா என்றும் பாருங்கள். தேடும் புலத்துக்கு (பெயர், எண் போன்ற தகவல் பகுதிக்கு) இன்டெக்ஸ், அதாவது விரைவாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல், இல்லாவிட்டால் இன்னோடிபி அட்டவணை முழுவதையும் துழாவும். இயல்பான அமைப்பில், துழாவிய பதிவுகளை எல்லாம் பூட்டிக்கொண்டே போகும்.

கேள்வி: கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை விருந்தினர் விடுதியாக நடத்துகிறோம். ஒரே அறையை ஒரே இரவுக்கு இருவருக்குக் கொடுத்துவிட்டோம். விருந்தினர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே அறையைப் பூட்டிவைக்க முடியாதா?

பதில்: தரவுத்தளப் பூட்டால் செய்யாதீர்கள், பேச்சு நீண்டால் மற்றவர் எல்லோரும் நிற்பார்கள், நடுவில் மின்சாரம் போனால் யார் பிடித்தது என்பதே தெரியாது. ஓர் இரவுக்கு ஒரு பதிவு என்று வைத்து, அறை எண்ணும் தேதியும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்ற தனித்துவக் கட்டுப்பாட்டை அட்டவணையிலேயே போடுங்கள். எத்தனை பேர் ஒரே நொடியில் முயன்றாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும். பேசும் நேரத்துக்கு, 'தற்காலிகம், இன்ன மணி வரை' என்று அந்தப் பதிவிலேயே எழுதி உடனே சேமித்துவிடுங்கள். 15 நிமிடம் கடந்தால் அது காலியானதாகக் கொள்ளப்படட்டும். இதுவும் ஒருவகைப் பூட்டுதான், ஆனால் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற, தானே அவிழ்கிற பூட்டு.

கேள்வி: காரைக்குடியில் பொறியியல் படிக்கிறேன். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம் பல பதிப்பு முறையில் இயங்குவதால் அதில் பூட்டுப் பிரச்சினையே இல்லை என்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில், பூட்டுக்குக் காத்திராமல் படி என்று பொருள்படும் 'நோலாக்' என்ற சொல்லைக் கட்டளையில் சேர்த்தால் போதும் என்றும் சொல்கிறார்கள். இவை சரியா?

பதில்: முதலாவது பாதி சரி. பல பதிப்பு முறையில், ஒருவர் திருத்தும்போது பழைய பதிப்பும் இருப்பதால், படிக்கிறவர் எழுதுகிறவரைத் தடுப்பதில்லை, எழுதுகிறவரும் படிக்கிறவரைத் தடுப்பதில்லை. ஆனால் ஒரே பதிவை எழுத வந்த இருவரில் ஒருவர் காத்திருந்தே ஆக வேண்டும். இரண்டாவதைப் பணம் சம்பந்தப்பட்ட எந்த அறிக்கையிலும் செய்யாதீர்கள். 'நோலாக்' இன்னும் முடிவாகாத, பின்னால் ரத்தாகக்கூடிய தரவையும் படிக்கும். ஒரே பதிவை இரு முறை எண்ணவோ ஒன்றை விட்டுவிடவோ கூடும். படிப்பவர்கள் காத்திருப்பதுதான் தொல்லை என்றால், 2005 பதிப்பு முதல் எஸ்க்யூஎல் சர்வரிலும் பதிப்புகளை வைத்துப் படிக்கும் அமைப்பு இருக்கிறது, அதை இயக்குங்கள்.

பாடமாகப் படிக்கிறீர்கள் என்பதால் வரலாற்றையும் கொஞ்சம் சொல்கிறேன். தேவையான பூட்டுகளை எல்லாம் எடுத்த பிறகே விடத் தொடங்க வேண்டும் என்ற இரு கட்டப் பூட்டு விதியை, ஐபிஎம் ஆய்வாளர்களான ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, டிரைகர் ஆகியோர் 1976இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்தார்கள். மோதல் அரிதென்று நம்பிப் பூட்டாமல் வேலை செய்து, முடிவில் சரிபார்க்கும் முறையை குங், ராபின்சன் இருவரும் 1981இல் எழுதினார்கள். பதிவில் ஒரு பதிப்பு எண் புலத்தை வைத்து, 'நான் படித்தபோது 7. இன்னும் 7ஆக இருந்தால் மட்டும் திருத்து, 8 ஆக்கு' என்று இன்று நாம் எழுதுவது இந்த இரண்டாம் வழியைச் சேர்ந்தது.

படித்ததைக் கண்ணால் பாருங்கள். போஸ்ட்கிரஸில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, முதல் ஜன்னலில் பரிவர்த்தனை ஒன்றைத் தொடங்கி ஒரு பதிவைத் திருத்திவிட்டு, முடிக்காமல் விடுங்கள். இரண்டாவதில் அதே பதிவைப் படியுங்கள்: பழைய மதிப்பு உடனே வரும். அதே பதிவைத் திருத்துங்கள்: சுட்டி சிமிட்டிக்கொண்டே நிற்கும். முதல் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அது நின்றுகொண்டேதான் இருக்கும், ஏனெனில் சும்மா கிடக்கும் பரிவர்த்தனையை முறிக்கும் கால வரம்பு, நீங்கள் வைக்காதவரை, போஸ்ட்கிரஸில் கிடையாது. 9.6 பதிப்பு முதல் அதற்கென ஓர் அமைப்பு இருக்கிறது. உங்கள் கல்லூரித் திட்டப்பணியில் முதல் நாளே அதை ஒரு நிமிடம் என்று வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.